எரிக்காமல் வரும் வெந்நீர்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெப்பம். உலையின் வெப்பத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஆலையின் வெப்பத்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. காலையில் நாம் குளிக்கும் வெந்நீரின் சூட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். பனி கொட்டும் நாடுகளில் குழந்தைகளையும் முதியோரையும் காப்பாற்றும் அறையின் சூட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தச் சூட்டை எதையும் எரிக்காமல் பெற முடியுமா? முடியும். அதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. அதன் பெயர் ஹீட் பம்ப்.

முதலில் ஒரு கேள்வி. குளிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு சூடு வேண்டும்? 40 டிகிரி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் உடம்பு தாங்காது. குளிர் நாட்டில் ஓர் அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும்? 20, 21 டிகிரி. அவ்வளவுதான். இந்த 20-க்கும் 40-க்கும் நாம் என்ன செய்கிறோம்? எரிவாயுவைக் கொளுத்துகிறோம். அந்தச் சுடரின் சூடு 2,000 டிகிரியை நெருங்கும். இரும்பு உருகுவதே 1,538 டிகிரியில்தான். இரும்பை உருக்கக்கூடிய சுடரை உண்டாக்கி, அதைக் கொண்டு ஒரு வாளித் தண்ணீரை வெதுவெதுப்பாக்குகிறோம்!

மின்சாரக் கீசர் மட்டும் என்ன செய்கிறது? எங்கேயோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்தின் வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது. இத்தனை இழப்போடு செய்த அருமையான மின்சாரத்தை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியில் கொண்டுவந்து, குளியலறையில் ஒரு சுருளில் விட்டு, மறுபடியும் வெப்பமாக்குகிறோம். வெப்பத்தில் தொடங்கி வெப்பத்தில் முடிகிற இந்தப் பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விட்டது. இது நியாயமா?

உலகம் முழுவதும் கட்டடங்களைச் சூடாக்குவதாலும் அங்கே வெந்நீர் போடுவதாலும் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்குச் சொன்னது. மனித இனம் வெளியேற்றும் மொத்தத்தில் அது பத்தில் ஒரு பங்கு. விமானத்தைப் பற்றிப் பேசுகிறோம், காரைப் பற்றிப் பேசுகிறோம். வெந்நீரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

கோவையில் நின்றுகொண்டு பம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் யார்? பம்பு செட்டை நாட்டுக்கே செய்து அனுப்புகிற ஊர் இது. கிணற்றிலே பம்பு தண்ணீரைப் படைக்கிறதா? இல்லை. இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றுகிறது. மின்சாரம் செலவாவது ஏற்றுவதற்குத்தான். 20 அடியிலிருந்து ஏற்றினால் செலவு குறைவு. 200 அடியிலிருந்து ஏற்றினால் செலவு அதிகம். ஹீட் பம்பும் அதைத்தான் செய்கிறது. வெளிக்காற்றில், ஆற்றில், கடலில், மண்ணில் தாழ்ந்த நிலையில் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, நமக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றிக் கொடுக்கிறது. அங்கே அடிக்கணக்கு. இங்கே டிகிரிக்கணக்கு. எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

எப்படி ஏற்றுகிறது? நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று புரொப்பேன். அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பூஜ்யம் டிகிரிக் குளிர்காற்றுகூட அதற்கு நல்ல சூடுதான். அந்தக் காற்று படும் குழாயில் திரவப் புரொப்பேனை ஓடவிட்டால், அது காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு அந்தச் சூடு கையில் தெரிந்திருக்கும். சூடேறிய ஆவி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகும்போது வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. ஒரு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மீண்டும் வெளியே போகிறது. இவ்வளவுதான் இயந்திரம். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் இதுதான். ஏசியும் இதுதான். ஃப்ரிட்ஜின் பின்புறத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். காய்கறியிலிருந்தும் பாலிலிருந்தும் எடுத்த வெப்பம் அது. நாம் அந்த இயந்திரத்தின் குளிர்ந்த பக்கத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, சூடான பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்றரை யூனிட் ஆற்றல் வேண்டும். இது இயற்கையின் கணக்கு, யாராலும் குறைக்க முடியாது. கீசரில் அந்த மூன்றரை யூனிட்டையும் மின்வாரியத்திடமிருந்து வாங்க வேண்டும். நல்ல ஹீட் பம்பில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். மீதி இரண்டரை யூனிட் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வந்தது. சூரியன் காற்றில் விட்டுவைத்த வெப்பம் அது. யாரும் பில் போடாத வெப்பம். ஒன்று கொடுத்து மூன்றரை வாங்குகிறோமே, இது பௌதிகத்துக்கு விரோதம் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆற்றல் புதிதாகப் பிறக்கவில்லை. வெளியே இருந்தது உள்ளே வந்திருக்கிறது. வெளிக்காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்துபோயிருக்கிறது. கணக்கு சரியாகவே இருக்கிறது.

குளிர் நாட்டில், வெளியே 0 டிகிரி, அறையைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் குழாயில் 35 டிகிரித் தண்ணீர் போதும் என்ற வீட்டில், ஒன்றுக்கு நான்கு கிடைக்கும். அதே வீட்டில் வெந்நீர் ஓடும் பழைய சிறிய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு 55 டிகிரி கேட்டால், ஒன்றுக்கு மூன்றுகூட வராது. இயந்திரம் அதேதான், ஏற்றம்தான் கூடிவிட்டது. நம் கோவையில் காற்று 28 டிகிரி. அங்கிருந்து 55-க்கு ஏற்றுவது எவ்வளவு சின்ன ஏற்றம் என்று பாருங்கள்! குளிர் நாட்டுக்காரன் ஆழக் கிணற்றில் இறைக்கிறான். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் இறைப்பவன் அவன்.

இந்த யோசனை நேற்று வந்ததா? இல்லை. 1824-இல் பிரான்சு நாட்டுச் சாடி கார்னோ, வெப்பத்திலிருந்து வேலை எப்படிக் கிடைக்கிறது என்று எழுதினார். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். 1852-இல் கிளாஸ்கோ நகரத்து அறிஞர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். காற்றோட்டத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் எப்படிச் சிக்கனமாகச் செய்வது என்பதே தலைப்பு. நிலக்கரியை நேரடியாக எரித்து அறையைச் சூடாக்குவதைவிட, அதே நிலக்கரியால் ஒரு நீராவி எந்திரத்தை ஓட்டி, அந்த எந்திரத்தால் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றினால், மிகச் சிறிய பங்கு எரிபொருள் போதும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், ஸ்காட்லாந்தின் அரச வானியலர் பியாசி ஸ்மித், வெப்ப நாடுகளில் அறைகளை எப்படிக் குளிர்விக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தார். சூடு தேடிய நாடும் குளிர்ச்சி தேடிய நாடும் ஒரே இயந்திரத்தைத்தான் தேடின என்பதை அந்த நாள் அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். நாம்தான் இடையில் மறந்துவிட்டோம்.

கெல்வின் காகிதத்தில் காட்டினார். கையில் செய்து காட்டியவர் ஆஸ்திரியாவின் பீட்டர் ரிட்டிங்கர். எபென்சே என்ற ஊரில் உப்பு காய்ச்சும் ஆலை. உப்பு நீரைக் காய்ச்சக் காடு காடாக விறகு போனது. எழும் ஆவியை ஏன் வீணாக விட வேண்டும், அதையே அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டால் அதே உப்பு நீரைக் காய்ச்சினால் என்ன என்று கேட்டு, 1850-களின் நடுவில் அவர் ஓர் இயந்திரத்தை நிறுவினார். அதை ஓட்டியது தண்ணீரின் விசை. உலகின் முதல் ஹீட் பம்பாக அறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் மனிதர்கள் வசிக்கும், கூடும் கட்டடத்துக்கு இது வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரம். ஊரின் நடுவே லிம்மாத் ஆறு. ஆற்றின் மேலேயே கால் ஊன்றி நிற்கிறது நகர மண்டபம், அவர்கள் ராத்ஹவுஸ் என்கிறார்கள். 1698-இல் கட்டி முடித்த கட்டடம். 1930-களில் அங்கே அறைகளைச் சூடாக்கப் பழைய அடுப்புகள்தான் இருந்தன. நவீனமாக்க வேண்டும். என்ன செய்வது? பெரிய பாய்லர் வைத்து, நிலக்கரி கொட்ட இடம் ஒதுக்கி, புகைபோக்கி எழுப்பி, அந்த அழகிய பழங்கட்டடத்தைக் கெடுப்பதா? காலடியில் ஆறு ஓடுகிறதே! குளிர்காலத்திலும் உறையாமல் ஓடுகிற அந்தத் தண்ணீரில் வெப்பம் இல்லையா?

எஷர் வீஸ் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் 1938-இல் அங்கே ஹீட் பம்ப் வைத்தார்கள். ஆற்று நீரை உள்ளே எடுத்து, அதிலிருந்து கொஞ்சம் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, சற்றே குளிர்ந்த நீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். மண்டபத்தின் ரேடியேட்டர்களுக்கு 60 டிகிரி வரை சூடான தண்ணீர் போனது. புகை இல்லை, சாம்பல் இல்லை, நிலக்கரி வண்டி வாசலுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. நிலக்கரி வளம் குறைந்த சுவிட்சர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்த நிலக்கரி சுருங்கியது. ஆனால் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மலையிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. 1941-இல் நகரத்து நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப் வந்தது. அதை அடுத்து, அங்குள்ள புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் வெப்ப நிலையத்துக்கும் வந்தது. நகர மண்டபத்தின் அந்த இயந்திரம் எத்தனை காலம் உழைத்தது தெரியுமா? 2001 வரை. 60 ஆண்டுகளுக்கு மேல்! புது வகை இயந்திரம், நீடிக்குமா, நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த மண்டபம்தான்.

இங்கிலாந்தில் நார்விச் நகரத்து மின்துறைப் பொறியாளர் ஜான் சம்னர், போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழைய பாகங்களைச் சேர்த்து, வென்சம் ஆற்றின் வெப்பத்தால் 1945-இல் தம் அலுவலகத்தைச் சூடாக்கினார். பிறகு ஏன் இது பரவவில்லை? பெட்ரோலிய எண்ணெய் மலிவாக வந்தது. பிறகு எரிவாயு மலிவாக வந்தது. எரிப்பது மலிவாக இருந்தவரை, ஏற்றுவதைப் பற்றி யாரும் சிந்திக்கவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோதுதான் சுவீடன் விழித்துக்கொண்டது. 1980-களில் ஸ்டாக்ஹோமின் ராப்ஸ்டென் பகுதியில் கடல் நீரிலிருந்து வெப்பம் எடுத்து ஊருக்கே குழாயில் அனுப்பும் நிலையத்தைக் கட்டினார்கள். அதன் திறன் 180 மெகாவாட். இன்றும் ஓடுகிறது.

நார்வேக்கு வருகிறேன். ஹீட் பம்பைப் பற்றிப் பேசுகிறவன் நார்வேயைத் தாண்டிப் போக முடியாது. அந்த நாட்டில் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின்சாரம். மலிவு. ஆகவே சுவரில் மின்சார ஹீட்டரை மாட்டிக்கொண்டு பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்டார்கள். 2002-இல் இலையுதிர்காலத்து மழை பொய்த்தது. அணைகள் வற்றின. அந்தக் குளிர்காலத்தில் மின்கட்டணம் தாறுமாறாக ஏறியது. மக்கள் கொதித்தார்கள். அரசு என்ன செய்தது? 2003-இல் ஹீட் பம்ப் வாங்குகிற குடும்பங்களுக்கு மானியம் அறிவித்தது. விண்ணப்பங்கள் குவிந்தன. மானியம் குறுகிய காலமே இருந்தது. ஆனால் ஒரு தெருவில் ஒரு வீட்டில் வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பில்லைக் கேட்பார் அல்லவா? கேட்டார்கள். வாங்கினார்கள். 2020-லிருந்து கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதையே அந்த நாடு தடை செய்துவிட்டது. இன்று நார்வேயில் 100 வீடுகளில் 60 வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. பெரும்பாலும் நம் ஊர் ஸ்பிளிட் ஏசியைப் போன்ற அதே பெட்டி, எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள், அது அவர்களுக்கு அன்றாட விஷயம்.

குளிர் நாட்டுக்கு இது ஆகாது, மைனஸ் டிகிரியில் வேலை செய்யாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதிகமாக ஹீட் பம்ப் உள்ள நாடுகள் எவை? நார்வே, சுவீடன், பின்லாந்து. ஐரோப்பாவிலேயே மிகக் குளிர்ந்த நாடுகள்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அதே நார்வேயில் திராமென் என்று ஓர் ஊர், ஆஸ்லோவுக்கு அருகில், கடல் உள்ளே புகுந்து நிற்கும் ஃபியோர்டின் கரையில் இருக்கிறது. அந்தக் கடல் நீர் 8 டிகிரி. கையை வைத்தால் விரல் மரத்துவிடும். அந்தத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்து, 90 டிகிரி வரை ஏற்றி, ஊரின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். 8 டிகிரித் தண்ணீர் உள்ளே வருகிறது, 4 டிகிரித் தண்ணீர் கடலுக்குத் திரும்புகிறது. அந்த நான்கு டிகிரியில் ஓர் ஊர் குளிர்காய்கிறது! உள்ளே சுற்றுவது அம்மோனியா. அது பூமியைச் சூடாக்கும் வாயு அல்ல. அந்த இயந்திரங்களைச் செய்து கொடுத்தது எந்த ஊர் நிறுவனம் தெரியுமா? கிளாஸ்கோ. கெல்வின் 1852-இல் கட்டுரை படித்த அதே கிளாஸ்கோ. 160 ஆண்டுகள் ஆனாலும் அந்த ஊர் தன் மண்ணில் போட்ட கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டது என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எல்லா நாட்டிலும் இப்படி இனிதாக நடந்ததா? இல்லை. ஜெர்மனியில் 2023-இல், புதிதாக வைக்கும் சூடேற்றும் கருவிகளில் 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தபோது, ஆளும் கூட்டணிக்குள்ளேயே பெரிய சண்டை மூண்டது. அந்த ஆண்டு 3,56,000 ஹீட் பம்புகள் விற்ற நாட்டில், அடுத்த ஆண்டு 1,93,000 விற்றன. மக்கள் இயந்திரத்தை வெறுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. செலவு எவ்வளவு, உதவி எவ்வளவு, எப்போது என்று தெளிவாகச் சொல்லாமல் அவசரப்படுத்தியதைத்தான் வெறுத்தார்கள். இங்கிலாந்தில் சிக்கல் வேறு. அங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. இயந்திரம் ஒன்றுக்கு மூன்று கொடுத்தாலும் பில்லில் மிச்சம் தெரியாது. வரியும் விலையும் எரிப்பவன் பக்கம் சாய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல இயந்திரமும் தோற்கத்தான் செய்யும்.

சரி, நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நமக்கு அறையைச் சூடாக்கத் தேவையில்லை, உண்மை. ஆனால் வெந்நீர்? ஒரு பெரிய மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் குளிக்க, துணி துவைக்க, சமையலறைக்கு என்று நாளுக்கு 10,000 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீசர்களில் 350 யூனிட் ஆகும். ஹீட் பம்பில் 100 யூனிட். ஒரு நாளைக்கு 250 யூனிட் மிச்சம். ஓர் ஆண்டுக்கு 90,000 யூனிட்டுக்கு மேல்!

நம் மின்சாரமே நிலக்கரியிலிருந்து வருகிறதே, அப்புறம் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நான் முன்பு சொன்ன 100 லிட்டர் வெந்நீருக்குக் கீசர் இரண்டரை கிலோ வெளியேற்றுகிறது. எல்பிஜி பாய்லர் ஏறத்தாழ ஒரு கிலோ. ஹீட் பம்ப் 0.7 கிலோ. இன்றைய கரிபிடித்த மின்சாரத்திலேயே அது முந்தி நிற்கிறது. நாளை நம் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகப் பெருக, அதே இயந்திரம், ஒரு திருகைக்கூட மாற்றாமல், இன்னும் தூய்மையாகும். எல்பிஜி பாய்லர் அப்படி ஆகுமா? அதன் கடைசி நாள் வரை அதே ஒரு கிலோதான்.

இன்னும் ஒன்று. அந்த மருத்துவமனையின் மொட்டை மாடியில் என்ன இருக்கிறது? ஏசியின் சில்லர். இரவும் பகலும் கட்டடத்தின் வெப்பத்தை உறிஞ்சி வெளிக்காற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது? பாய்லர். டீசலையோ எரிவாயுவையோ எரித்து வெப்பம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. மாடியில் காசு கொடுத்து வெப்பத்தை வெளியே தள்ளுகிறோம். கீழே காசு கொடுத்து வெப்பத்தை உண்டாக்குகிறோம். ஒரே கட்டடம்! இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் என்ன? ஒரே கம்ப்ரசர் ஒருபுறம் குளிர்ந்த நீரும் மறுபுறம் வெந்நீரும் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு பக்கமும் வேலை. ஹோட்டல்களுக்கும் இது பொருந்தும். பால் குளிரூட்டும் நிலையங்களுக்கு இன்னும் பொருந்தும். பாலைக் குளிர்விக்க வேண்டும், பாத்திரங்களையும் குழாய்களையும் வெந்நீரில் கழுவ வேண்டும். வேறென்ன வேண்டும்? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசலாம். இன்று கட்டடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். வெயில் இருக்கும்போது அதைவிட மலிவு வேறில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் மின்சுருள் ஓடுகிறது. அந்தச் சுருளின் இடத்தில் ஹீட் பம்பை வையுங்கள். பல மாடிக் கட்டடத்தில் அத்தனை பேருக்கும் சூரியக் கருவி வைக்க மாடியில் இடமும் போதாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும்.

ஜப்பானியர் இதில் ஒரு வழி காட்டினார்கள். நார்வேயின் திரொண்ட்ஹைம் நகரத்துப் பேராசிரியர் குஸ்தாவ் லோரென்ட்ஸன், உலகம் கைவிட்டிருந்த கரியமில வாயுவையே இயந்திரத்துக்குள் சுற்றும் குளிர்பொருளாக மறுபடி பயன்படுத்தலாம் என்று 1980-களின் இறுதியில் காட்டினார். அந்த வழியில் 2001-இல் ஜப்பானில் ஈகோக்யூட் என்ற வெந்நீர்க் கருவி வந்தது. இரவில் மின்சாரம் மலிவாக இருக்கும்போது நீரைச் சூடாக்கித் தொட்டியில் வைத்துக்கொள்ளும், மறுநாள் முழுவதும் பயன்படும். இப்போது பகலின் சூரிய மின்சாரத்தில் ஓடும் வகையும் அங்கே வந்துவிட்டது. நமக்கு அது எவ்வளவு பொருத்தம்! நடுப்பகலில் சூரிய மின்சாரம் பெருகி நிற்கிறது. நடுப்பகலில்தான் காற்றும் சூடாக இருக்கிறது, ஏற்றமும் குறைவு. அந்த மூன்று, நான்கு மணி நேரத்தில் நாளைய வெந்நீரைப் போட்டுவைத்துவிடலாம்.

மலைக்குப் போவோம். உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். மார்கழி, தை இரவுகளில் உதகையில் உறைபனி விழுகிறது. அங்கே அறைக்கும் சூடு வேண்டும், நீருக்கும் சூடு வேண்டும். மக்கள் என்ன செய்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பை மூட்டித் தூங்குகிறார்கள். காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தித்தாளில் படிக்கிறோம். கரியடுப்பு விடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. வேலை தேடி மலைக்குப் போன தொழிலாளர்கள், சுற்றுலா போன இளைஞர்கள். தவிர்க்கக்கூடிய சாவுகள் இவை. ஹீட் பம்ப் முதலில் போக வேண்டிய இடம் அந்த விடுதி அறைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான். நட்சத்திர ஹோட்டலுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியும். இவர்களுக்கு அரசுதான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு உண்மை பேசியவன் ஆகமாட்டேன். முதல் விலை அதிகம், கீசரைப்போலப் பல மடங்கு. வெளிப்பெட்டி இரையும், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்கக் கூடாது. மெதுவாகத்தான் சூடேற்றும், ஆகவே தொட்டி பெரிதாக வேண்டும். நம் ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் வெப்பமாற்றியில் படலம் கட்டிவிடும். நீரை மென்மையாக்காமல் கருவியை வைத்தால் ஒன்றுக்கு மூன்று கொடுத்தது சீக்கிரமே இரண்டாகிவிடும். மருத்துவமனைகளில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. மின்சாரம் மிச்சம் என்று தொட்டியை 45 டிகிரியில் வைக்காதீர்கள். லெஜியோனெல்லா என்ற கிருமி அந்தச் சூட்டில் வளரும், நுரையீரலைத் தாக்கும். சேமிப்புத் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். குழாயில் கலந்து தணித்துக்கொள்ளலாம்.

குளிர்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் கேஸ் என்கிறார்களே, அதுதான். பல கருவிகளில் இருக்கும் ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால், 2,000 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். பல ஆண்டு மிச்சத்தை ஒரு கசிவு தின்றுவிடும். 2016-இல் ஆப்பிரிக்காவின் கிகாலி நகரில் உலக நாடுகள் இந்த வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியாவும் 2021-இல் ஏற்றது. 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். புரொப்பேன், கரியமில வாயு, அம்மோனியா ஆகிய இயற்கைப் பொருள்களில் ஓடும் கருவிகள் வந்துவிட்டன. புரொப்பேன் தீப்பற்றும், அம்மோனியா நச்சு. ஆகவே தெரிந்தவர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

தெரிந்தவர் யார்? இங்கேதான் நான் இந்த மாலையில் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஏசி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கம்ப்ரசர் அவர்களுக்குத் தெரியும். செம்புக் குழாயைப் பற்றவைக்கத் தெரியும். கேஜை மாட்டி அழுத்தம் பார்க்கத் தெரியும். ஹீட் பம்புக்குத் தேவையானதில் முக்கால் பங்கு அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர்ப் பக்கத்தின் அளவு கணக்கு, புரொப்பேனைக் கையாளும் பாதுகாப்பு, உப்புப் படலத்தை நீக்கும் முறை ஆகிய இந்த மீதிக் கால் பங்கைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கே தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். குளிர்சாதனப் பிரிவின் பாடத்தில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள். பம்பு உற்பத்தியாளர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு பழைய கருவியைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொடுங்கள், பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும். கட்டடக் கலைஞர்களே, அடுத்த மருத்துவமனைக்கு வரைபடம் போடும்போது, சில்லரையும் வெந்நீரையும் ஒரே தாளில் வரையுங்கள். நிர்வாகிகளே, கருவி விற்க வருகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், எத்தனை டிகிரிக் காற்றில், எத்தனை டிகிரித் தண்ணீருக்கு, ஒன்றுக்கு எத்தனை கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவிய பிறகு மின்சாரத்துக்கு ஒரு மீட்டரும் வெந்நீருக்கு ஒரு மீட்டரும் வைத்து, அவர் எழுதிக் கொடுத்ததோடு ஒவ்வொரு மாதமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

 கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். முதலில் மெக்கானிக் தம்பிகள் கேட்கட்டும்.